பச்சைக் கறி போடச் சொல்பவர்களுக்கு ஒரு பழைய விலங்கியல் வாத்தியாரின் பதில்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கறுப்பன் திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்த படத்தை இங்கே போட்டேன். "என்ன சார், இந்த வயசுலயும் பளபளன்னு இருக்கானே, என்ன போடறீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "வேகவைத்த கோழியும் ராகிக் களியும்" என்று பதில் எழுதினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பழைய மாணவன், "சார், வேகவைச்சா சத்தெல்லாம் போயிடுங்க. பச்சையாப் போடுங்க, ஓநாய் என்ன அடுப்பு வெச்சா சாப்பிடுது?" என்று கேட்டான். மெல்போர்னில் இருக்கும் என் அக்காள் மகன் குடும்பக் குழுவில் நான்கு வீடியோ அனுப்பினான். நாலு நாள் கழித்து அத்தை வீட்டுப் பையன் ஒருவன், "மாமா, வர்ற கிடா வெட்டுக்கு ஈரல், நுரையீரல் எதையும் வீணாக்க வேண்டாம், நாய்களுக்குப் பச்சையாவே போட்டுடலாம், அதுதான் அதுங்களுக்கு இயற்கை உணவாம்" என்று எழுதினான். அதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் இதையாவது முழுதாகப் படியுங்கள்.

முதலில், எதிர்த் தரப்பில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வாதம் செய்வது அழகல்ல என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

கறுப்பன் எங்களிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அவனுக்கு என் வீட்டுக்காரம்மா போட்டது பால்சோறு. காலையில் பால்சோறு, ராத்திரி தயிர்சோறு. நம் ஊரில் பாதி வீடுகளில் இன்றும் இதுதான். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று பாசமாகப் போடுவார்கள். ஆனால் கறுப்பனுக்கு முடி கொட்டியது. தோல் செதில் செதிலாக உரிந்தது. அடிக்கடி வயிறு கலங்கியது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காது. அரிசியில் மாவுச்சத்து நிறைய, புரதம் குறைவு. வளர்ந்த நாய்க்கான உணவில் ஈரப்பதம் நீக்கிப் பார்த்தால் குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது நாய்த் தீனிக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவுகோல். அரிசியில் அதில் பாதிகூடக் கிடையாது.

எனவே "நாய்க்குச் சோறு மட்டும் போடாதீர்கள், கறி போடுங்கள்" என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை "பச்சை" என்ற சொல்லோடுதான்.

நானும் போட்டுப் பார்த்தவன் என்பதை மறைக்கவில்லை. 2019-இல் மெல்போர்ன் மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்தபோது அவன் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் பச்சைக் கோழித் தலையும் கழுத்தும் கறிக்கடையில் வாங்கிப் போட்டேன். முடி கொட்டுவது நின்றது. தோல் மினுமினுத்தது. மலம் குறைந்தது, நாற்றமும் குறைந்தது. பல்லில் படிந்திருந்த காறைகூடக் குறைந்தது. "பார்த்தீங்களா மாமா!" என்று அவன் குதித்தான்.

பிறகு, காரணம் ஒன்றை அடுத்துச் சொல்கிறேன், நான் அதே கறியை வேகவைத்துப் போட ஆரம்பித்தேன். இன்றைக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. முடி கொட்டவில்லை. தோல் மினுமினுப்பு போகவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்தப் படமே சாட்சி. பல் காறை மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. அதற்கு வாரம் மூன்று நாள் பிரஷ் பிடித்துத் தேய்க்கிறேன்.

ஒரு நாயை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, தெரியும். ஆனால் அந்த வீடியோக்களில் வருகிற நாய்களும் ஒற்றை நாய்கள்தானே? பால்சோற்றிலிருந்தும் மலிவான தீனியிலிருந்தும் கறிக்கு மாற்றியதும் நாய் தேறுகிறது. தேறியதற்குக் காரணம் கறி. பாராட்டு மட்டும் "பச்சை"க்குப் போய்விடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றை மட்டும் காரணம் சொல்லக் கூடாது என்று பிளஸ் ஒன் செய்முறை வகுப்பிலேயே சொன்னேனா இல்லையா?

இனி ஓநாய்க்கு வருவோம். "நாய் என்பது வீட்டில் வளர்கிற ஓநாய்" என்பதுதான் இவர்களுடைய பெரிய அஸ்திவாரம். இந்தப் பச்சை உணவு முறையைப் பிரபலமாக்கியவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர். 1993-இல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் இது உலகம் முழுக்கப் பரவியது. நாயின் மூதாதை தின்றதை நாய்க்கும் கொடு என்பது வாதம்.

ஆனால் 2013-இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் மரபணுவையும் ஓநாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருந்தன. நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருந்தன. மனிதன் பயிர் செய்து, ஆக்கித் தின்று, மிச்சத்தைப் போட்ட காலத்தில் அந்த மிச்சத்தைத் தின்று பிழைக்கத் தெரிந்த உடம்பாக நாயின் உடம்பு மாறியிருக்கிறது. ஓநாய் அடுப்பு வைத்துச் சாப்பிடுவதில்லை, உண்மைதான். ஆனால் நாய் ஆயிரக்கணக்கான வருடமாக நம் அடுப்படி வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நம் பாட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். கொல்லிமலை அடிவாரத்திலும் பச்சைமலை அடிவாரத்திலும் ஆட்டுப்பட்டி காத்த நாய்கள் எதைத் தின்றன? கம்மங்கூழ், ராகிக் களி, எப்போதாவது குழம்பில் வெந்த எலும்பு. தினமும் பச்சைக் கறி போடுமளவுக்கு எந்தப் பாட்டனிடமும் வசதி இருந்ததில்லை. அவருக்கே வருடத்துக்கு நான்கு முறைதான் கறி.

"நாயோட வயித்து அமிலம் கிருமியை எல்லாம் கொன்னுடும் சார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாய்க்கு நோய் வராமல் இருக்கலாம். ஆனால் சால்மோனெல்லா உள்ள பச்சைக் கறியைத் தின்ற நாய், தனக்கு ஒன்றும் ஆகாமலே, மலத்தில் அந்தக் கிருமியை நாள் கணக்கில் வெளியேற்றும். அது படுத்த பாயில், நக்கிய கையில், கழுவாத தட்டில் கிருமி ஒட்டிக்கொள்ளும். உறைய வைத்த பாக்கெட்டில் வருகிறதே என்றால், ஃப்ரீசர் குளிரில் சால்மோனெல்லா சாகாது, தூங்கத்தான் செய்யும். இதனால்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-லேயே நாய் பூனைகளுக்குப் பச்சை இறைச்சி போட வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்தது. 2024 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்தில், பச்சை வான்கோழிக் கறியில் செய்த தீனியைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக் காய்ச்சலில் செத்தது. அது பூனைதான், நாய் இல்லை. ஆனால் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாம் அந்தச் செய்தியைச் சும்மா கடந்துவிடக் கூடாது.

நான் ஏன் பச்சைக் கறியை நிறுத்தினேன்? அந்த மூன்றாவது மாதக் கடைசியில் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. கறுப்பன் கோழித் தலையைக் கடித்துத் தின்று முடித்த கையோடு ஓடிப்போய் அவள் முகத்தை நக்கினான். அவள் சிரித்துக்கொண்டே அதே கையால் முறுக்கை எடுத்துத் தின்றாள். நான் 34 வருடம் கரும்பலகையில் ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்தவன். என் வீட்டு வாசலில் அந்தப் படம் உயிரோடு ஓடுவதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து குக்கர்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உறவுக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் மாணவன் ஒருவன். ஊர் பேர் வேண்டாம், உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். மலையடிவாரத்தில் ஐம்பது அறுபது ஆடு வைத்திருக்கிறான். அவன் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு வலது விலாவுக்குக் கீழே வலி. வாய்வுப் பிடிப்பு என்று கஷாயம் குடித்தாள், மாத்திரை போட்டாள். கடைசியில் சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் ஒரு தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் நாய் இருக்கிறதா? ஆடு இருக்கிறதா?"

அவன் எனக்குப் போன் செய்தான். "சார், அவ கறியே தொட மாட்டாளுங்க. சைவமுங்க. அவளுக்கு எப்படிங்க சார் ஆட்டு நோய் வரும்?"

நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். இந்த நோய்க்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. நீங்கள் படித்த டீனியா சோலியம் போல மீட்டர் கணக்கில் நீளமாக இருக்காது. சில மில்லிமீட்டர்தான். அது வாழ்வது நாயின் குடலில். நாய்க்கு ஒன்றும் செய்யாது, நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வரும். அந்த மலம் கலந்த புல்லை ஆடு மேய்ந்தால், ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். அந்த ஆட்டை அறுத்து, கட்டியுள்ள ஈரலையோ நுரையீரலையோ பச்சையாக நாய்க்குப் போட்டால், கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகள் நாயின் குடலில் போய்ப் புழுக்களாகும். இப்படியே சுற்றும்.

மனிதன் இதில் எங்கே வருகிறான்? ஆட்டின் இடத்தில் வருகிறான். நாயின் மலத்தில் வந்த முட்டை கையிலோ, காய்கறியிலோ, தண்ணீரிலோ கலந்து வாய்க்குள் போனால் போதும். ஆட்டுக்கு வளர்ந்த கட்டி நமக்கும் வளரும். பல வருடம் சத்தமில்லாமல் வளரும். கட்டி உள்ளே உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். கறி தின்றவருக்கு வருகிற நோய் இல்லை இது. நாயைத் தடவிய கையைக் கழுவாதவருக்கும், கழுவாத கீரையைத் தின்றவருக்கும் வரும். அதனால்தான் கறியே தொடாத அந்தப் பெண்ணுக்கு வந்தது. எந்த நாயிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், அவர்கள் பட்டியில் ஆடு அறுக்கும்போதெல்லாம் நுரையீரலை நாய்க்கு வீசுவது வழக்கம் என்று அவனே சொன்னான்.

ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் மாதக்கணக்கில் அல்பெண்டசோல் மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், விற்ற ஆடுகள் பதினெட்டு. அவன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இதை எங்களுக்கு ஸ்கூல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா சார்?"

டீனியா சோலியம் சொன்னேன், பன்றி சொன்னேன், பத்து மார்க் கேள்வி என்று சொன்னேன். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் புழுவைச் சொல்லாமல் விட்டேன். பாடப்புத்தகத்தில் இல்லை என்பது ஒரு சாக்கு. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

இதைச் சரிசெய்த நாடுகள் இருக்கின்றன. ஐஸ்லாந்து நாடு ஆடு வளர்ப்பவர்களின் நாடு. 19ஆம் நூற்றாண்டில் இந்த நீர்க்கட்டி நோய் அங்கே ஊரையே அரித்தது. டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற அறிஞர் போய் ஆராய்ந்தார். அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றை 1864-இல் அச்சடித்து வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். நாய்க்குப் பச்சை உறுப்புகளைப் போடாதே, கட்டியுள்ளதை எரி அல்லது புதை, கையைக் கழுவு. ஏறக்குறைய இவ்வளவுதான் விஷயம். எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள், படித்தார்கள், செய்தார்கள். அந்த நோய் அங்கிருந்து ஒழிந்தது. நியூசிலாந்து பல பத்தாண்டுகள் நாய்களுக்குப் புழு மருந்து கொடுத்து, ஆட்டு உறுப்புகளைப் பச்சையாகப் போடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்து, 2002-இல் இந்த நோய் நீங்கிய நாடாகத் தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே பண்ணை ஆட்டின் பச்சை ஈரல் நாய்க்குக் கிடைக்கும்படி விடுவது குற்றம்.

அக்கம்பக்கத்து ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு "பச்சையாப் போடுங்க மாமா" என்று சொல்கிற மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. நீ வாங்குகிற கறி, மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய கூடத்திலிருந்து வருகிறது. உன் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து போகிறது. அது தெருவில் அலைவதில்லை. எங்கள் குலதெய்வம் கோவில் வேப்பமரத்தடியில் அறுக்கும் கிடாவின் ஈரலை யார் அறுத்துப் பார்த்தது? அங்கே காத்திருக்கும் பத்து நாய்களுக்கு யார் புழு மருந்து கொடுத்தது? உன் ஊர் ஆலோசனையை இங்கே அப்படியே இறக்காதே.

தெருநாய்களுக்குக் கோழிக் கழிவை மூட்டையாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் கொட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அது ஜீவகாருண்யம் இல்லை, குப்பையை ஒழிக்கும் தந்திரம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்று, விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்து போராடிய செய்தியை எல்லோரும் படித்தோம். கழிவைக் கொட்டுகிற இடத்தில் நாய்கள் கூட்டம் சேரும். கழிவு வராத நாளில் அந்தக் கூட்டம் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

"சரி சார், என்னதான் போடறது?" என்று கேட்பீர்கள். கறுப்பனுக்குப் போடுவதைச் சொல்கிறேன்.

கோழிக் கறியை உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல் குக்கரில் வேகவைக்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஆகவே மிச்சமான கறிக்குழம்பை ஊற்றிப் போடாதீர்கள். எலும்பை எடுத்துவிடுகிறேன். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், இதில் பச்சைக் கறிக்காரர்கள் சொல்வது முழு உண்மை. கறியோடு ராகிக் களியோ சோறோ, வெந்த பூசணியோ கேரட்டோ. வாரம் மூன்று நாள் நாமக்கல் முட்டை ஒன்று, அதுவும் வேகவைத்து. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் சத்தைச் சேரவிடாது.

குட்டி நாய் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கறியை மட்டுமே தின்று வளர்கிற குட்டிக்கு எலும்பு மெலிந்து கால் வளையும். பச்சையானாலும் வெந்ததானாலும் இதே கதைதான். குட்டிக்கு எவ்வளவு கால்சியம் என்று என்னிடம் கேட்காதீர்கள், வீடியோவிடமும் கேட்காதீர்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்கு இன்னும் பக்கத்தில் தலைவாசல் கூட்ரோட்டிலும் வந்துவிட்டது. தம்மம்பட்டியிலிருந்து ஒரு பஸ் தூரம். மனுசனுக்குச் சளி பிடித்தால் சேலம் ஓடுகிறோம், நாயையும் ஒரு முறை கூட்டிப் போங்கள். அப்படியே நாடாப்புழுவைக் கொல்லும் பிரசிகுவான்டல் சேர்ந்த புழு மருந்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் கிடா வெட்டு. பங்காளிகள் எல்லோரும் பேசி வைத்த நாளில் நானும் வருவேன், என் வரியைக் கொடுப்பேன், பந்தியில் முதல் வரிசையில் உட்காருவேன். சாமி காரியத்தில் நான் குறுக்கே நிற்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். காலையில் முதல் வேலையாக இரண்டடி இல்லை, நான்கடிக் குழி ஒன்று வெட்ட வேண்டும். கூலி நான் தருகிறேன். கட்டியுள்ள ஈரல், நுரையீரல், குடல், எதுவானாலும் அந்தக் குழிக்குள் போய், சுண்ணாம்பு போட்டு, மண் மூடி, மேலே கல் வைக்க வேண்டும். நாய்களுக்குப் போட ஆசையா? தாராளமாக. ஓர் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து நல்ல உறுப்புகளை அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்துப் போடுங்கள். விறகும் நானே தருகிறேன்.

போன முறை இதைச் சொன்னபோது, "வாத்தியார் கோவில்லயும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்று சிரித்தீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த முறை மண்வெட்டியோடு வருகிறேன். சிரித்துக்கொண்டே கூட ஒரு கை பிடியுங்கள்.

பெங்களூர் தம்பி, மெல்போர்ன் மாப்பிள்ளை, உங்கள் பதிலைக் கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள். ஆடு வைத்திருக்கும் வீட்டார் யாரையாவது தெரிந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் பலர் முகநூலில் இல்லை.

கறுப்பன் நலம். பேத்திக்குப் பத்து வயதாகிறது. அவனைக் கொஞ்சிவிட்டு, சொல்லாமலே போய்க் கை கழுவுகிறாள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்,
தம்மம்பட்டி